பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி ஏன்?

“நலமாகப் பிறந்த குழந்தைக்கு ஊசி எதற்கு?” எனப் பெற்றோர் கேட்பது இயல்பே. இது தடுப்பூசி அன்று. இரத்தம் உறைவதற்கு இன்றியமையாத வைட்டமின் கே சத்தாகும்.

கருவிலிருக்கும் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாக இச்சத்து மிகச் சிறிதளவே கிடைக்கிறது. தாய்ப்பால் ஒப்பற்ற உணவு. எனினும் அதில் வைட்டமின் கே குறைவு. இச்சத்தை உண்டாக்கும் குடல் நுண்ணுயிர்களும் பிறந்தவுடன் குழந்தையிடம் இருப்பதில்லை.

இக்குறைபாட்டால், முதல் வாரத்தில் தொப்புளிலோ குடலிலோ இரத்தக்கசிவு ஏற்படலாம். இரண்டாம் வாரம் முதல் ஆறாம் மாதம் வரை நேரும் கசிவு அரிதே; ஆனால் அதுவே மிகக் கொடியது. முன்னறிவிப்பின்றி மூளையினுள் நிகழ்ந்து, உயிரைப் பறிக்கவோ நிலையான ஊனத்தை விளைவிக்கவோ கூடும்.

பிறந்த 24 மணி நேரத்திற்குள் தொடையில் ஒருமுறை 1 மி.கி. செலுத்தினால் போதும். 1000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கு 0.5 மி.கி. தரப்படும். ஊசி போட்ட இடத்தில் சிறிது வலியோ வீக்கமோ தோன்றலாம். வாய்வழி மருந்தைப் பலமுறை தர வேண்டும். அதன் பாதுகாப்பும் குறைவு. இவ்வூசியால் புற்றுநோய் வருமோ என்று 1990களின் தொடக்கத்தில் எழுந்த ஐயத்தைப் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

தயக்கம் இருப்பின், வேண்டாமென முடிவு செய்யுமுன் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வீடு திரும்புமுன், ஊசி போடப்பட்டது குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். தொப்புளிலோ மூக்கிலோ இரத்தம், காரணமற்ற கன்றல், பால் குடிக்க மறுத்தல், மிகுந்த சோர்வு, வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.