சொன்னது ஒன்று, சேர்ந்தது ஒன்று

அடுக்களையில் மிக்சி ஓடுகிறது. "கடைக்குப் போய் உப்பு வாங்கி வா" என்கிறார் அம்மா. நீங்கள் பருப்போடு திரும்புகிறீர்கள். தவறு யாருடையது?

இதை ஆராய உதவும் படமொன்றை 1948-ஆம் ஆண்டில் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வரைந்து காட்டினார். அவர் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். செய்தி பிறக்கும் இடம் மூலம். அதைக் குறிகளாக மாற்றி அனுப்புவது பரப்பி. குறிகள் செல்லும் பாதை தடம். அவற்றை மீண்டும் செய்தியாக்குவது ஏற்பி, அதன்பின் சேரிடம். வழியில் புகுந்து கெடுப்பது எதுவாயினும் அதற்கு 'இரைச்சல்' என்று பெயர். அம்மாவின் வாய் பரப்பி, காற்று தடம், உங்கள் காது ஏற்பி. மிக்சி எது என்று சொல்லவும் வேண்டுமோ?

குறிகள் பழுதின்றிச் சேர்ந்தனவா என்பதே ஷானனின் கேள்வி. அவற்றின் பொருளை அவர் ஒதுக்கி வைத்தார். தொலைபேசிக் கம்பிக்கு அது போதும், மனிதருக்குப் போதாது. 1954-இல் வில்பர் ஷ்ராம் என்பவர், பேசுபவரின் அனுபவ வட்டமும் கேட்பவரின் அனுபவ வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் பொருள் போய்ச் சேரும் என்று விளக்கினார்.

இரண்டும் ஒரே சமயத்தில் பிசகினால்? 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் அதுதான் நடந்தது. ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு ஜம்போ விமானம். அதே பாதையில் மெல்ல ஊர்ந்து வந்தது ஓர் அமெரிக்க ஜம்போ. கடும் மூடுபனி. ஒருவரையொருவர் பார்க்க இயலாது, வானொலிதான் துணை.

"இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்" என்ற பொருள்பட டச்சுத் துணை விமானி ஆங்கிலத்தில் சொன்னார். விமானம் ஓடத் தொடங்கியிருந்தது! புறப்படும் இடத்தில் நிற்கிறார்கள் என்று எண்ணினார் கட்டுப்பாட்டு அலுவலர். ஆங்கிலம் இருவருக்குமே தாய்மொழி அன்று. "சரி" என்றவர், சற்று விட்டுக் காத்திருக்கச் சொன்னார். அதே கணத்தில் அமெரிக்க விமானி, தாம் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாக அறிவித்தார். ஒரே அலைவரிசையில் இரு குரல்களும் மோதின. டச்சு விமானியறையில் தெளிவாகக் கேட்டது அந்தச் "சரி" மட்டுமே. மற்றதெல்லாம் கீச்சொலியில் சிதைந்தது. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் மாண்டவர் 583 பேர்.

பின்னர் வானொலிப் பேச்சின் விதிகள் திருத்தப்பட்டன. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, மேலெழும்ப அனுமதி தரும்போதோ அதை ரத்துச் செய்யும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்ற வேளைகளில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும். ஆணையின் முக்கியப் பகுதிகளை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். அலுவலர் அதைக் கேட்டுப் பிழையிருந்தால் உடனே திருத்த வேண்டும். இவ்வாறு சேரிடத்திலிருந்து மூலத்துக்குத் திரும்பி வரும் செய்திக்குப் 'பின்னூட்டம்' என்று பெயர். வெறும் "சரி" அங்கே செல்லாது. எதற்குச் சரி என்று அது சொல்வதில்லையே!