கரும்புகையால் யாருக்கும் லாபமில்லை

திருப்பூர், ஈரோட்டுச் சாயப்பட்டறைகளில் துணிக்குச் சாயம் ஏற்றவும், காங்கேயம், ஆரணி அரிசி ஆலைகளில் நெல் அவிக்கவும் நீராவி வேண்டும். அதைத் தருவது பாய்லர். அடுப்புக்குள் எதைப் போடுகிறார்கள் என்பது ஆலைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். புகைபோக்கியில் எது வருகிறது என்பதை ஊரே சுவாசிக்கிறது.

மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் படியும் கரித்தூள் பெரிய துகள், தட்டினால் போய்விடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நுரையீரலின் அடிவரை போவது அவைதான். வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்தது.

எரிபொருளின் உண்மை விலை

"விறகு டன் என்ன விலை?" என்றுதான் பல ஆலைகளில் விசாரிக்கிறார்கள். "ஒரு டன் ஸ்டீமுக்கு என்ன செலவு?" என்று கேட்டால்தான் உண்மைக் கணக்கு வரும். நன்கு உலர்ந்த ஒரு கிலோ விறகு சுமார் 3,500 கிலோ கலோரி வெப்பம் தரும். புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பம் செலவாவதால், மிஞ்சுவது 2,000 கிலோ கலோரிக்கும் குறைவு. எடைமேடையில் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். அடுப்பின் சூடும் தணிவதால் கட்டை முழுதாக எரியாமல் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் கூடுகின்றன. கூரை போட்ட இடத்தில் விறகை உலர வைத்தாலே இரண்டு நஷ்டமும் குறையும்.

நெல் உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். பெரும்பாலும் சிலிக்காவான அந்தச் சாம்பல் லேசானது. வடிகட்டி இல்லையென்றால் பறந்துவிடும். பெட்ரோலியக் கரியான பெட்கோக்கில் வெப்பம் அதிகம், கந்தகமும் மிக அதிகம். அதனால்தான் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் தொழிற்சாலைகளில் பெட்கோக்கையும் ஃபர்னஸ் ஆயிலையும் பயன்படுத்த 2017இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. குழாய் எரிவாயுவில் சாம்பலே இல்லை. அதே அளவு வெப்பத்துக்கு, நிலக்கரியைவிடச் சுமார் 40 விழுக்காடு குறைவான கரியமில வாயுதான் வெளிவரும். குழாய் வந்துள்ள இடங்களில் ஸ்டீம் கணக்குப் போட்டுப் பார்த்து மாறலாம்.

டயர், பிளாஸ்டிக், சாயத்துணிக் கழிவு ஆகியவற்றைச் சாதாரண பாய்லரில் எரிப்பது பெருங்கேடு. பி.வி.சி. கலந்த கழிவு எரியும்போது டையாக்சின் எனும் கொடிய நச்சு உருவாகிறது. சும்மா கிடைக்கிறது என்று அதை அடுப்பில் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

எரிக்கும் முறை

ஃபயர்மேன் கதவைத் திறந்து ஒரு குவியல் விறகை மொத்தமாகத் தள்ளினால், குளிர்காற்று உள்ளே பாய்ந்து அடுப்பு தணிகிறது. அடுத்த சில நிமிடங்களுக்குப் புகைபோக்கி கறுப்பாகக் கக்கும். எரியாத எரிபொருள்தான் அது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் புகையும் குறையும், விறகும் மிஞ்சும். வெளியேறும் புகையின் வெப்பநிலையை 22 டிகிரி செல்சியஸ் குறைத்தால் பாய்லரின் திறன் ஏறத்தாழ 1 விழுக்காடு கூடும். பாய்லர் குழாய்களில் 1 மில்லிமீட்டர் உப்பு படிந்தால் எரிபொருள் செலவு 5 முதல் 8 விழுக்காடு வரை ஏறலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஆலை இயங்கக் கூடாது. எரிபொருளை மாற்றுவதென்றால் அதை வாரியத்திடம் சொல்லி இசைவாணையையும் திருத்திக்கொள்ள வேண்டும். மத்திய விதிப்படி, மணிக்கு 2 டன்னுக்குக் குறைவாக நீராவி தரும் பாய்லரின் புகையில் கன மீட்டருக்கு 1,200 மில்லிகிராம் துகள் வரை இருக்கலாம். 15 டன்னும் அதற்கு மேலும் என்றால் 150 மட்டுமே. ஊருக்குள் இருப்பவை பெரும்பாலும் சின்ன பாய்லர்கள்தான் என்பதால், இந்தத் தளர்வின் சுமை குடியிருப்புகள்மீது விழுகிறது. மாநில வாரியம் இதைவிடக் கடுமையான அளவை விதிக்கலாம், விதிக்க வேண்டும்.

பாய்லரின் பாதுகாப்பு தனி விஷயம். 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025 பாய்லர் சட்டத்தின்கீழ், உரிய காலத்தில் சோதனை நடந்து சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். தகுதிச் சான்று உள்ளவரே பாய்லரை இயக்க வேண்டும். இதில் குறை இருந்தால் கொதிகலன் துறையிடம் புகார் செய்யலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. கரும்புகை வரும் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு படம் எடுங்கள்.

2. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அரசின் 1100 உதவி எண்ணிலும் பதியலாம்.

3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஆலையின் இசைவாணை நகலையும் புகைபோக்கி ஆய்வறிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

4. பலன் இல்லையென்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். பிரச்சினை தொடங்கிய 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இழப்பீடு கோர 5 ஆண்டுவரை அவகாசம் உண்டு.

ஆலையை மூடச் சொல்வது நம் நோக்கமல்ல. அங்கே நம் ஊர்க்காரர்கள்தான் வேலை செய்கிறார்கள். உலர்ந்த எரிபொருள், வேலை செய்யும் வடிகட்டி, பயிற்சி பெற்ற ஆபரேட்டர் என்ற மூன்றையும் கேட்பது நம் உரிமை. இம்மூன்றுக்கும் செய்யும் செலவு எரிபொருள் கணக்கிலேயே பெருமளவு திரும்பும் என்பதை ஆலை முதலாளிகளும் உணர வேண்டும். புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், சக குடியிருப்பாளர்களைச் சேர்த்துக்கொண்டு இன்றே எழுதுங்கள்.