கழிவும் மருந்தாகும்!

நண்பர்களே, தலைப்பைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கிட்டுப் பக்கத்தைத் திருப்பிடாதீங்க! ஒருவருடைய மலத்தை இன்னொருவருடைய குடலில் செலுத்தி உயிரைக் காப்பாற்றுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். 'மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை' என்பது இதன் பெயர்.

நமது பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு நண்பர்கள். ஏதோ ஒரு நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது இந்த நண்பர்களும் சேர்ந்து சாகிறார்கள். காலியான இடத்தில் 'குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்ற கிருமி வந்து கொட்டகை போடும். அது கக்கும் நச்சால் குடல் வெந்து, வயிற்றுப்போக்கு நிற்காமல் போகும். வயதானவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

வேடிக்கை என்னன்னா, இதற்குத் தருவதும் வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்தான்! கிருமி செத்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. மருந்தை நிறுத்தியதும் சிலருக்கு மறுபடி முளைத்துவிடும். களை பிடுங்கினால் மட்டும் போதுமா? பயிர் நட வேண்டாமா? அந்தப் பயிர்தான் ஆரோக்கியமான ஒருவரின் மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள்.

1958-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் பென் ஐஸ்மன் குழுவினர், கடும் குடல் அழற்சியில் கிடந்த 4 பேருக்கு எனிமா மூலம் இதைச் செய்து குணமாக்கினார்கள். அசைக்க முடியாத சான்று 2013-ல் வந்தது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சோதனையில், இச்சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான்! வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

செய்முறை எளிது. தானம் தருபவரின் மலத்தை உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாகவோ எனிமாவாகவோ செலுத்துவார்கள். கேப்சூலாக விழுங்கவும் செய்யலாம்.

சிக்கல் சட்டத்தில்தான். இது மருந்தா, இல்லை ரத்தம் மாதிரி தானப் பொருளா? மாத்திரை என்றால் ஒவ்வொரு பேட்ச்சும் ஒரே அளவில் இருக்கணும். மலம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுமே! ஆனாலும் 2013 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை மருந்து என்றே எடுத்துக்கொண்டு, முன் அனுமதி வேண்டும் என்றது. "அனுமதி வருவதற்குள் நோயாளி போய்விடுவாரே!" என்று டாக்டர்கள் கவலைப்பட்டார்கள். ஜூலையிலேயே, மற்ற மருந்துக்கு அடங்காத இந்த நோய்க்கு மட்டும் விதி தளர்த்தப்பட்டது.

தளர்வுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது 2019-ல் தெரிந்தது. ஒரே நபரின் மலத்தைப் பெற்ற, எதிர்ப்புச் சக்தி குறைந்த இருவருக்கு, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஈ.கோலை கிருமி தொற்றியது. அதில் ஒருவர் இறந்துபோனார். அந்தக் கிருமி இருக்கிறதா என்று அந்த மலத்தை முன்கூட்டிச் சோதிக்கவே இல்லை! அதன்பின் அந்தச் சோதனை கட்டாயமானது. 2022 நவம்பரில் ஆசனவாய் வழி தரும் 'ரெபையோட்டா'வும், 2023 ஏப்ரலில் 'வௌஸ்ட்' கேப்சூலும் அங்கே அனுமதி பெற்றன. ஆனால் விலையோ பல ஆயிரம் டாலர்! விதி இறுகினால் விலை ஏறுது, தளர்ந்தால் உயிர் போகுது. இந்த இழுபறி இன்னும் தீரவில்லை.

நமது ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் முடியாமல் ஒரு 'ஜாப்'பை வெளியே அனுப்புவோமா? அதே பாடம்தான் இங்கும். மூலப்பொருள் மலமானாலும் சோதனை பொன்னாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, நண்பர்களே! ஹாஸ்டலில் லேசாக ஜலதோஷம் பிடித்தாலும் மருந்துக் கடையில் நாமே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குகிறோமே, அதை இன்றோடு விட்டுவிடுவோம். வயிற்றுக்குள் இருக்கும் நண்பர்களை நாமே கொல்லலாமா?