மாமரமும் இருபடிச் சமன்பாடும்

சித்தூரிலும் பின்னர் திருப்பதியிலும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் நான். சித்தூர் 1911 வரை வடஆர்க்காட்டோடு இருந்த ஊர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் அங்கே ஏராளம். "குவாட்ராட்டிக்" என்ற சொல்லே அவர்களுக்கு முதல் தடை. குவாட் என்றால் நான்காச்சே, இங்கே அடுக்கு இரண்டுதானே என்பார்கள். லத்தீனில் அது சதுரத்தைக் குறிப்பது. தெலுங்கின் "வர்க்க சமீகரணம்" அதே பொருள்தான். தமிழோ அடுக்கை எண்ணி "இருபடி" என்கிறது.

ஒருமுறை இப்படிக் கேட்டேன்: விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை நேர் மேலே எறிந்தால், கையிலிருந்து 6 மீட்டர் உயரத்திலுள்ள மாங்காயை எப்போது தொடும்? புவியீர்ப்பைத் தோராயமாக 10 என்று கொண்டால், உயரம் = 10 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். மாந்தோப்புக்காரர் மகள் ஒருத்தி சூத்திரத்தைப் போட்டாள். மூலக்குறிக்குள் 100 − 120, அதாவது −20 வந்தது. தப்பு செய்துவிட்டோமென்று பயந்து அதை அழித்து 20 ஆக்கிவிட்டாள். நான் சிவப்பு மையில், "மெய் மூலங்கள் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். "சார், கணக்கு தப்பா, நான் தப்பா?" என்றாள். பல வருஷமாக அந்த ஒரு வரியை எழுதியே கடந்து வந்தவன் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் வகுப்பை மாமரத்தடிக்கு அழைத்துப் போனேன். கல்லுக்குப் பதில் பந்து. இரண்டு விநாடியில் கைக்குத் திரும்பும்படி எறியப் பழகினார்கள். 0, 2 என்ற இரு மூலங்களுக்கு நடுவில், 1ஆவது விநாடியில் உச்சி; உயரம் 5 மீட்டர். கிளிமூக்கு மாங்காய் 3.75 மீட்டரில் தொங்கினால் பந்து அரை விநாடியில் ஏறும்போது ஒருமுறை, ஒன்றரை விநாடியில் இறங்கும்போது ஒருமுறை அதைக் கடக்கும். தன்மைக்காட்டி 25, விடை இரண்டு. 5 மீட்டரில் தொங்கினால் தன்மைக்காட்டி பூஜ்யம், ஒரே தொடுகை. 6 மீட்டரில்? "எட்டவே எட்டாது சார், அதான் மைனஸ்!" என்று கத்தியவள் அதே பெண்தான்.

அப்புறம் வரைபடத்தாள். "பந்து நேராத்தானே போச்சு, கோடு ஏன் வளையுது?" என்றான் ஒரு பையன். இந்த இடத்தில் பெரியவர்களும் தடுக்கி விழுவதுண்டு. அந்தப் பரவளையம் பந்து போன பாதை அல்ல. நேரத்துக்கும் உயரத்துக்கும் உள்ள உறவின் படம். முதல் அரை விநாடியில் 3.75 மீட்டர் ஏறுகிற பந்து அடுத்த அரை விநாடியில் 1.25 மீட்டர்தான் ஏறுகிறது. வளைவு அந்தத் தளர்ச்சியால் வருவது. சாய்வாக எறிந்த கல்லின் பாதையோ, காற்றின் தடையை விட்டுவிட்டால், உண்மையிலேயே பரவளையம்.

திருப்பதிக்கு மாறிய பிறகு மகாவீரரின் ஒட்டகக் கணக்கையும் சேர்த்துக்கொண்டேன். 9ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய கணித சார சங்கிரகத்தைப் பாவுலூரி மல்லனா தெலுங்கில் தந்தார். 1912இல் சென்னையில் ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மந்தையில் கால் பங்கு காட்டில், வர்க்கமூலத்தின் இருமடங்கு மலைச்சரிவில், மீதி 15 ஆற்றங்கரையில். வர்க்கமூலத்துக்கு இரு விடைகள்: 6, −10/3. பின்னதற்கு ஒட்டகம் கிடையாது; மந்தை 36.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பந்து 3 விநாடியில் திரும்பினால் எவ்வளவு உயரம் போயிருக்கும்? ஏழரை மீட்டர் என்பார்கள். பதினொன்றே கால்.