ஏட்டுக்குள் அகப்பட்ட குறும்புத் தேவதைகள்

தோவாளைப் பூச்சந்தைப் பிச்சிப்பூ ஒன்றைப் பாடநூலுக்குள் வைத்து மூடிய நினைவு உங்களில் சிலருக்கேனும் இருக்கும். பூவுக்குப் பதிலாகத் தேவதையொன்று அகப்பட்டால்?

1994இல் டெர்ரி ஜோன்ஸ் எழுதி, பிரையன் ஃபிரௌட் ஓவியந் தீட்டிய ‘லேடி காட்டிங்டன்ஸ் பிரஸ்டு ஃபேரி புக்’ இக்கற்பனையில் பிறந்தது. பறந்து வரும் தேவதைகளை ஏஞ்சலிகா என்னும் சிறுமி படாரென்று ஏட்டை மூடிப் பிடிக்கிறாள். அவையோ அதனையே விளையாட்டாக்கிக் கோணல் முகங்களைப் பதித்துச் செல்கின்றன. நகைப்புக்குரிய நூல்தான், எனினும் சில பக்கங்கள் சிறுவர்க்கு உகந்தவையல்ல. பெற்றோர் முதலில் புரட்டிப் பார்ப்பது நலம்.

இந்நூல் கேலி செய்யும் உண்மைச் சம்பவம் வேறுவிதமானது. 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி என்னும் ஊரில் எல்சி ரைட், பிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்ற உறவுப் பெண்கள் இருவர், காகிதத்தில் வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசிகளால் நிறுத்தி, தேவதைகளுடன் இருப்பதாகப் புகைப்படம் எடுத்தனர். வீட்டாருக்குக் காட்டிய அக்குறும்பை ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் மெய்யென்றே நம்பினார். 1922இல் தனி நூலும் எழுதினார். 1918இல் மகனைப் பறிகொடுத்திருந்தவர் அவர். அத்தகைய பெரியவரிடம் ‘ஏமாற்றினோம்’ என்று எந்த வாயால் சொல்வது? வெட்கமே அவர்களின் நாவைக் கட்டியது. 1983இல் உண்மை வெளிவந்தபோது எல்சி எண்பதைக் கடந்திருந்தார்.

பிரான்சிஸ் மட்டும், ஐந்தாவது படம் மெய்யானதே என்று இறுதிவரை கூறிவந்தார்.