ஆலங்காயத்தில் இருந்து ஆகாயம் வரை!

பொழுது விடிகிறது. ஆலங்காயம் பஸ் நிலையத்தில் டீக்கடைகள் சுறுசுறுப்பாகின்றன. கூடையும் மூட்டையுமாக மலை ஜனங்கள் இறங்குகிறார்கள். கூடையில் பலாப்பழம். மூட்டையில் புளி, சாமை. சிலரிடம் தேன்.

இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அதோ, ஊரை ஒட்டி நிற்கிறதே, அந்த ஜவ்வாது மலையில் இருந்து!

ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டத்தில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள ஊர். ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய 3 மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது.

காட்டு வழி

ஊரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. இரு பக்கமும் காடு. ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பெயர் போன காடு இது. திருட்டுக் கோடரிக்கு இரையானது போக, மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

மழைக் காலத்தில் இந்தக் காடு பச்சைப்பசேல் என்று இருக்கும். தை பிறந்து பனி குறைந்தால் இலைகள் உதிரும். மாசி, பங்குனியில் காலடியில் சருகு சரசரக்கும். கரடி, காட்டுப்பன்றி, மான் எல்லாம் உண்டு. ஆகவே தனியாகப் போகக்கூடாது. சாலையை விட்டுக் காட்டுக்குள் கால் வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

மேலே ஏற ஏற மூச்சு வாங்கும். நின்று திரும்பிப் பார்த்தால், வந்த களைப்பு பறந்து விடும். கீழே வயல்கள் பாய் விரித்தது போல் கிடக்கும். மேற்கே ஏலகிரி மலை நீலமாக நிற்கும்.

இந்த மலையில் வாழ்கிறவர்களுக்கு "மலையாளிகள்" என்று பெயர். இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசும் பழங்குடி மக்கள். "எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தார்கள்" என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இவர்கள் கால் படாத பாதை இந்த மலையில் இல்லை.

மலை மேல் ஒரு கண்

சாலை காவலூரில் கொண்டுபோய் விடுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,400 அடி உயரம். அங்கே மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கூண்டுகள் தெரிகின்றன. அவைதான் வானத்தை ஆராயும் கூடம்!

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு என்ற விஞ்ஞானி. 1949-ம் ஆண்டில், மாணவராக இருந்தபோதே, ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். கொடைக்கானல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு 1960-ல் தலைவரானார். சூரியனை ஆராயக் கொடைக்கானல் நல்ல இடம். ஆனால் இரவில் அங்கே அடிக்கடி மேகம் மூடிவிடும். எனவே வேறு மலையைத் தேடினார். காவலூர் கிடைத்தது.

இங்கே என்ன விசேஷம்? சுற்றிலும் காடு. தூசி குறைவு. விளக்கு வெளிச்சம் குறைவு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வட வானத்தையும் தென் வானத்தின் பெரும் பகுதியையும் பார்க்கலாம்.

1968-ல் சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் வேலை தொடங்கியது. அதன் கண்ணாடி 38 சென்டிமீட்டர் அகலம்தான். 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி, யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் பறந்தபடி கண்டார்கள். அதே இரவில் காவலூரிலும் அதற்கான அடையாளம் பதிவானது. 1988-ல் ஒரு குறுங்கோள் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது.

2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவானது. அதற்காகப் பாடுபட்ட பாப்பு, அதைப் பார்க்காமலே 1982-ல் காலமானார். 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, பிரதமர் ராஜீவ் காந்தி அதற்குப் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

இருட்டு என்னும் செல்வம்

வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும். நட்சத்திரம் பார்க்க இருட்டு வேண்டும். கோடானு கோடி மைல் கடந்து வரும் மெல்லிய ஒளியை, அருகே எரியும் ஒரு விளக்கு விழுங்கிவிடும். ஊர்கள் வளர வளர இந்த இருட்டு குறைகிறது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். காடு காய்ந்து கிடப்பதும் அதே மாதங்களில்தான்! அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும், மலையே எரிய.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, தேனி மாவட்டம் குரங்கணியில் மலை ஏறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 23 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024-ல் 40 மலைப் பாதைகளை அரசே திறந்தது. ஏலகிரியின் சுவாமிமலைப் பாதையும் அவற்றில் ஒன்று. வழிகாட்டிகளாக அந்தந்த வட்டாரத்து இளைஞர்களே அமர்த்தப்பட்டார்கள். 2025-ல் தீப்பிடிக்கும் காலம் வந்ததும், பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை பாதைகள் மூடப்பட்டன.

குழந்தைகளுடன் ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல செருப்பு வேண்டும். வெயிலுக்கு முன் ஏறி, பொழுது சாயும் முன் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். எடுத்துப்போகக் கூடாதது ஒன்றே ஒன்றுதான்: தீப்பெட்டி!

பொழுது சாய்கிறது. ஆலங்காயத்தில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. மலை மேலே வெள்ளைக் கூண்டின் கதவு மெல்லத் திறக்கிறது. காடு இருட்டில் அமைதியாக நிற்கிறது. அந்தக் காடு நிற்கும் வரையில்தான், அந்தக் கண்ணும் வானத்தைப் பார்க்கும்!