துப்பறியும் நாவலாசிரியர்களின் தொழிலும் வாழ்வும்

நாவல் வாசிக்கும் மாணவன் பொழுதை வீணாக்குகிறான் என்பது பெரியோர் பலர் நெடுங்காலமாகக் கூறிவரும் குற்றச்சாட்டு. அந்நாவல் துப்பறியும் நாவலாயின் குற்றம் இருமடங்காகும். ஆயினும், இந்நூல்களை இயற்றினோர் யாவர், எத்தொழிலிலிருந்து எழுத்துக்கு வந்தனர், அதனால் எய்திய பயன் யாது என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவிற்கு இயன்ற அளவு விடை கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இவ்வகைக் கதை எழுதுவோர்க்கு முன்னைத் தொழிலே பெரும்பாலும் முதலாக நின்று உதவுகிறது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் ஒரு வைத்தியர். நோய்க்குறி கண்டு நோயறியும் பயிற்சியே தடயங்கண்டு குற்றவாளியை அறியும் கதையாக மாறிற்று. அகதா கிறிஸ்டி அம்மையார் முதல் உலகயுத்த காலத்தில் மருந்து கலக்கும் பணி புரிந்தவர். அவர் கதைகளில் நஞ்சு இடம்பெறுவதற்குக் காரணம் விளங்குகிறதன்றோ? கல்கத்தாவில் போலீஸ் துப்பறியும் பகுதியில் உத்தியோகம் பார்த்த பிரியநாத முகோபாத்தியாயர், தம் அனுபவங்களை 1892 முதல் வங்காளியில் வெளியிடலாயினார்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழி திறந்தவர் பண்டித நடேச சாஸ்திரியார். இவர் 1859-இல் பிறந்தவர்; தொல்பொருள் ஆராய்ச்சித் துறையில் பணியாற்றிச் சாசனங்களைப் படித்தவர்; நாடோடிக் கதைகளைத் தேடித் தொகுத்தவர். தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் பற்றிய இவரது நூல் 1894-இல் வெளிவந்தது. சிதைந்த கல்வெட்டில் விடுபட்ட எழுத்தை ஊகித்து அறிபவர் துப்பறியும் கதையில் நாட்டங்கொண்டது வியப்பன்று.

அடுத்து வந்தவர் மூவர். ஆரணி குப்புசாமி முதலியார் (1866-1925) ‘ஆனந்தபோதினி’ப் பத்திரிகையின் ஆசிரியராக விளங்கியவர். ரெயினால்ட்ஸ் முதலிய மேனாட்டார் எழுதிய கதைகளைத் தழுவி, இடமும் பெயரும் தமிழுக்கு இயையுமாறு மாற்றி, எளிய நடையில் நாவல் பல எழுதினார். ‘இரத்தினபுரி இரகசியம்’ அவற்றுள் ஒன்று. ஆங்கிலம் அறியாதார்க்கு இவை புதியதோர் உலகத்தைக் காட்டின.

ஜே. ஆர். ரங்கராஜு (1875-1959) பாளையங்கோட்டையிற் பிறந்தவர். இவர் எழுதிய நாவல்கள் பத்துக்கும் குறைவே. ஆயினும் ‘இராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’, ‘மோகனசுந்தரம்’ ஆகியவை பதிப்பின்மேற் பதிப்பாக விற்பனையாயின. மேடையேறிப் பின் திரைப்படங்களாகவும் வந்தன. இவர் படைத்த துப்பறியும் கோவிந்தன் பெயர் வீட்டுப் பெண்டிரும் அறிந்ததாயிற்று. பின்னர் ‘வரதராஜன்’ என்னும் நாவல் பிறர் நூலைத் தழுவியது என வழக்கு எழுந்தது. அதன்பின் ரங்கராஜு நாவல் எழுதுவதையே விட்டொழித்தார். புகழின் உச்சியில் நின்ற பேனா ஒரு வழக்கினால் ஓய்ந்தது.

மூன்றாமவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880-1942). மன்னார்குடியை அடுத்த வடுவூரிற் பிறந்து, சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்து, எழுத்தின்மேற் கொண்ட காதலால் அதனைத் துறந்தார். ‘மனோரஞ்சனி’ என்னும் பத்திரிகையை நடத்தி அதன் வாயிலாகத் தம் நாவல்களை வெளியிட்டார். ‘மேனகா’ 1935-இல் திரைப்படமாயிற்று. இவர் படைத்த திகம்பர சாமியார் 1950-இல் எம். என். நம்பியார் நடிப்பில் திரையில் தோன்றினார்.

வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) வரலாறு இவற்றினும் வியக்கத்தக்கது. ஐந்து வயது கடந்த சிறுபருவத்திலேயே மணம் முடிக்கப்பெற்றவர்; பள்ளிக்கல்வி பெறாதவர். முதல் நாடகமாகிய ‘இந்திர மோகனா’வைத் தாம் சொல்லத் தோழியார் ஒருவர் எழுதினார். பின்னர் ‘ஜகன்மோகினி’ப் பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் இயற்றி, தேசத்தொண்டில் ஈடுபட்டுச் சிறையும் புகுந்தார். பட்டமோ பதவியோ எழுத்துக்கு இன்றியமையாதது என எண்ணுவோர் இவ்வம்மையாரை நினைவில் இருத்துவாராக.

பிற்காலத்தில் இம்மரபு பத்திரிகைகளைச் சார்ந்தது. ‘ஆனந்த விகட’னில் தேவன் (1913-1957) துப்பறியும் சாம்புவைக் கொண்டு சிரிப்பும் மர்மமும் கலந்தளித்தார். ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் (1926-1977) சங்கர்லாலைப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். திருச்சி ஸெயிண்ட் ஜோஸப் கல்லூரியில் பயின்ற சுஜாதா (1935-2008) எஞ்சினியர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரப் பணியிற் பங்குகொண்டவர். கணேஷ், வஸந்த் என்னும் வக்கீல்களின் கதைகளில் விஞ்ஞான நுட்பம் இயல்பாக அமைந்தது இதனாலேயே. மிஷன் கல்லூரி மாணவர்க்கு இஃது ஊக்கந் தருவதாகும்.

இனி, இந்நூல்களின் குறைநிறை யாவை? ஒன்றிலே எதிர்பாராத சந்திப்பு மிகும். மற்றொன்றிலே வருணனை நீளும். மூலநூலின் பெயரைச் சொல்லாது தழுவும் வழக்கமும் அக்காலத்தில் பரவலாக இருந்தது. ரங்கராஜுவின் முடிவு நமக்கும் ஒரு பாடம். பிறர் உழைப்பை எடுத்தாளும்போது அவர் பெயரைச் சொல்லிவிடுவது எழுதுவோன் கடமை. ஆயினும், செய்யுளும் புராணமுமே நூலெனக் கருதிய நாட்டில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரை முழுநூல் படிப்பவராக ஆக்கிய பெருமையும் இவர்களதே. அடுத்து நிகழ்வது யாது என்னும் ஆவல், ஆசிரியர் அடிக்காமலே ஒருவனைப் பக்கம் புரட்டச் செய்யும். அவ்வாறு படிக்கப் பழகியவன் நாளடைவில் உயர்ந்த நூலையும் நாடுவான்.

பெருவாரியாக அச்சிட்ட இந்நூல்கள் மலிவான தாளில் வந்தவை; ஆகவே விரைவில் மக்கித் தூளாகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டி வைத்தமையால் பழைய தமிழ் அச்சு நூல்கள் பல சென்னையில் அவர் பெயரால் 1994-இல் ஏற்பட்ட ஆராய்ச்சி நூலகத்தில் பிழைத்தன. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்து வீடுகளிலும், மலையடிவாரத்து வ. புதுப்பட்டி போன்ற ஊர்களின் பரண்களிலும் பாட்டிமார் படித்த நாவல்கள் இன்னும் சில இருத்தல் கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் அவற்றைப் பழைய காகிதக் கடைக்குப் போடுமுன் எடுத்து, முதற்பக்கத்தில் ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் உளவா என நோக்கி, நமது கல்லூரிப் புத்தகசாலையிற் சேர்ப்பிப்பாராயின், துப்பறியும் நாவலாசிரியர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாகும்.